வரேன்னு சொல்லு

இந்த ஒரு பக்கம்தாம்மா. ஆறு நகல் வேணும். நீங்க ஜெராக்ஸ்னு போர்டு போட்டிருக்கீங்க, அது ஒரு கம்பெனியோட பேரு, நகல்னு சொல்றதுதான் சரி. தப்பா எடுத்துக்காதீங்க. வார்த்தைதான் என் தொழில், கண்ணுல பட்டுட்டா சும்மா இருக்க வராது. என்ன, கரண்ட் இல்லையா? பரவாயில்ல, வரட்டும். எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல. இந்த ஸ்டூல்ல உட்காந்துக்கலாமா? இங்கேர்ந்து பார்த்தா எதிர்வீட்டு கேட் நல்லாத் தெரியுது, அதுக்குத்தான் கேக்கறேன்.

இதுல மறைக்க என்ன இருக்கு. அந்தப் பச்சை கேட் போட்ட வீடு என் மச்சான் கலியபெருமாளோடது. உள்ள இருக்கறது என் சம்சாரம், செண்பகம். ஆடி மாசம் வந்தவ. இப்ப ஐப்பசி. தீபாவளிக்காவது வருவான்னு பார்த்தேன், அதுவும் போயிடுச்சு. உங்களுக்கு அவளைத் தெரியுமா? ஓ, கடைக்கு வருவாளா. வருவா, வருவா, எல்லார்கிட்டயும் நல்லாப் பேசுவா. என்னைப் பத்தி ஏதாவது சொன்னாளா? ஒண்ணும் சொன்னதில்லையா. சரி. சொல்லாம இருக்கறதும் நல்லதுதான். புருஷனைப் பத்தி வெளியில பேசற ஆள் இல்ல அவ.

சண்டை கிண்டை ஒண்ணும் இல்லம்மா, நீங்க அப்படிப் பார்க்காதீங்க. நான் கை நீட்டினவன் இல்ல, குடிக்கறவன் இல்ல. அவளும் கோச்சுக்கிட்டுப் போகல. வரேன்னு சொல்லிட்டுத்தான் போனா. என் காதால கேட்டேன். வரேன்னு ஒருத்தி சொன்னா வரணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க. நான் கேக்கறது அது ஒண்ணுதான். அதைக் கேக்கத்தான் காலையிலயே பஸ் ஏறி மாயவரம் வந்தேன். வந்து இறங்கினதும் நேரா அந்த கேட்டுக்குத்தான் போனேன். திறக்கக் கை வரல. அதான் இப்படி உங்க கடைக்கு வந்துட்டேன்.

என் பேரு பஞ்சநதம். மெட்ராஸ்ல, ஒரகடம் பக்கம் ஒரு ஜப்பான் கம்பெனியில மொழிபெயர்ப்பாளரா இருந்து ரிட்டயர் ஆனவன். ஜப்பான்காரன் பேசறதை இங்க இருக்கறவனுக்குச் சொல்றது, இவன் பேசறதை அவனுக்குச் சொல்றது. சும்மா சொல்றது இல்ல, சரி பண்ணிச் சொல்றது. நம்ம ஆள் கோவத்துல ஏதாவது கத்துவான், அதை நான் மரியாதையா மாத்திக் குடுப்பேன். அப்படி நான் மாத்திக் குடுத்ததுலதான் அந்த கம்பெனியில ஒரு ஸ்ட்ரைக் நடக்காம நின்னுது, தெரியுமா? நடுவுல நான் இல்லேன்னா ரெண்டு பக்கமும் ஒருத்தரை ஒருத்தர் புரிஞ்சுக்கிட்டிருப்பாங்க, அப்புறம் கம்பெனி என்ன ஆகியிருக்கும்.

ரிட்டயர் ஆகி வீட்ல இருக்கும்போது ஒரு நாடகக் குழுவிலேர்ந்து என்னைத் தேடி வந்தாங்க. ஜப்பான்லேர்ந்து ஒரு டைரக்டரம்மா வராங்க, இங்க இருக்கற நடிகர்களை வெச்சு, ரெண்டு நாட்டுக் குழுவும் சேர்ந்து, அவங்க ஊர் பழைய சிறுகதை ஒண்ணைத் தமிழ்ல நாடகமாப் போடறாங்க. மொதல்ல சென்னையில, அப்புறம் ஜப்பான்ல. தமிழாக்கம் நீங்கதான் பண்ணணும்னாங்க. எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசிச்சுப் பாருங்க. அத்தனை வருஷம் போல்ட்டு நட்டுன்னு மொழிபெயர்த்தவன்கிட்ட இலக்கியம் வருது. செண்பகத்துகிட்ட சொன்னேன். "நல்லதுங்க, உங்க பேச்சைக் கேக்க இன்னும் நாலு பேர் கிடைச்சாங்க"ன்னா. எவ்வளவு பெருமை பாருங்க அவளுக்கு.

கதை சின்னதும்மா. பனி கொட்டற ஊர்ல ஒருத்தன் கடிகாரம் ரிப்பேர் பண்றான். எப்பவும் கண்ணுல அந்தச் சின்ன லென்ஸை மாட்டிக்கிட்டு குனிஞ்சே இருப்பான். அவனுக்கு ஒரு பொண்டாட்டி. வெளியில போகும்போதெல்லாம் வாசப்படியில உட்காந்து செருப்பை மாட்டிக்கிட்டு, "இத்தெ கிமாஸ்"னு சொல்லுவா. அப்படின்னா என்னன்னு நினைக்கறீங்க? அப்படியே நம்ம "போயிட்டு வரேன்". வார்த்தைக்கு வார்த்தை அதேதான். ஒரு நாள் காலையில சமைச்சு வெச்சுட்டு, அதே படியில உட்காந்து, அதே செருப்பை மாட்டிக்கிட்டு, அந்த வார்த்தைக்குப் பதிலா "சயோனாரா"ங்கறா. அவன் குனிஞ்சபடியே "ம்"ங்கறான். அவ போயிடறா. திரும்பி வரவே இல்ல. அவன் சாயங்காலம் உட்காந்து யோசிக்கறான், காலையில ஏதோ சொன்னாளே, என்ன சொன்னா, ரெண்டுல எந்த வார்த்தைன்னு. அவனுக்கு ஞாபகமே வரல. கதை அவ்வளவுதான்.

நம்ம ஆளுங்க சயோனாரான்னா டாட்டான்னு நினைச்சுக்கிட்டிருக்காங்க. கிடையாது. வீட்டு மனுஷங்ககிட்ட அதைச் சொல்ல மாட்டாங்க. சொன்னா அதோட முடிஞ்சுதுன்னு அர்த்தம். அடியில போய்ப் பார்த்தா அது பாதி வாக்கியம். "அப்படின்னா..."ன்னு ஆரம்பிச்சு, மேல சொல்ல ஒண்ணும் இல்லாம நிறுத்திடறது. அதுக்குத் தமிழ்ல என்ன போடுவீங்க? "அப்படின்னா"ன்னு சொல்லிட்டு ஒரு பொம்பளை மேடையை விட்டுப் போனா, பாக்கறவன் அப்படின்னா என்னன்னு பக்கத்து சீட்டுக்காரனைக் கேப்பான். நான் சொல்லிட்டேன், தமிழ்ல இதுக்கு வார்த்தை இல்லை, நம்ம வீடுகள்ல போறவங்க எல்லாருமே வரேன்னுதான் சொல்லுவாங்க, அதனால இவளும் "வரேன்"னுதான் சொல்லணும்னு.

அந்த டைரக்டரம்மா பேரு ஒகினோ. அறுபது வயசு இருக்கும். சின்ன உடம்பு, பேச்சு கம்மி, ஆனா ஒரு கேள்வியைப் பிடிச்சா விட மாட்டாங்க. எல்லாரும் வரேன்னு சொன்னா, திரும்பி வராதவங்க யாருன்னு உங்க ஊர்ல எப்படித் தெரிஞ்சுக்கறீங்கன்னு கேட்டாங்க. அது தெரிஞ்சுடும்மான்னேன். எப்படின்னாங்க. எனக்குக் கோவம் வந்துடுச்சு. எங்க ஊர்ல யாரும் திரும்பி வராம இருக்கறதில்லன்னு சொல்லிட்டேன்.

நம்ம ஊர் வீடு எப்படின்னு பார்க்கணும்னு சொல்லி ஒரு நாள் எங்க வீட்டுக்கு வந்தாங்க. செண்பகம் கேழ்வரகு அடை பண்ணியிருந்தா. ரெண்டு பேருக்கும் ஒரு வார்த்தை பொது கிடையாது, ஆனா சமையல்கட்டுல நின்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க. எதுக்கு சிரிக்கறாங்கன்னு எனக்குப் புரியல. நான் போய் நடுவுல நின்னுக்கிட்டேன், மொழிபெயர்க்கணுமே. நாள் முழுக்க என்ன பண்ணுவீங்கன்னு ஒகினோ கேட்டாங்க. இவ, "ஒண்ணுமில்ல, இவரு பேசறதைக் கேப்பேன்"னா. இதை எப்படி அப்படியே சொல்றது? என் மனைவிக்கு இலக்கியத்துல மிகுந்த ஈடுபாடு உண்டு, என் பணியில உறுதுணையா இருக்காள்னு சொன்னேன். ஒகினோ அவளைப் பார்த்தாங்க, என்னைப் பார்த்தாங்க, அவங்க சொன்னது ரொம்பச் சின்னதா இருந்ததேன்னாங்க. தமிழ் சுருக்கமான மொழின்னேன்.

அன்னைக்கு செண்பகம் என்கிட்ட ஒண்ணு கேட்டா. "அந்தக் கதையில அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னு கேளுங்க. பனியில எங்க போய் தங்கிச்சு"ன்னா. நான் அதைக் கேக்கல. இலக்கியத்துல அப்படியெல்லாம் கேக்கக் கூடாது, அது முக்கியம் இல்லைன்னு நானே அவளுக்கு விளக்கிட்டேன். ரொம்ப நேரம் விளக்கினேன். சரிங்கன்னு சொல்லிட்டு அடைக்கல்லை எடுத்து வைக்கப் போயிட்டா.

என் குணம் அப்படிம்மா, தப்பா ஒரு வார்த்தை காதுல விழுந்தா தாங்காது. கல்யாணமான புதுசுல அவ "வாளப்பளம்", "மள"ன்னுதான் சொல்லுவா, இந்தப் பக்கத்துப் பேச்சு. நாக்கை மடிக்கச் சொல்லிக் குடுத்துக் குடுத்து, அவ "ழ" சொன்னா ரேடியோவுல சொல்ற மாதிரி இருக்கும் இப்ப. ஏதாவது பேச ஆரம்பிப்பா, நடுவுல ஒரு வார்த்தை தப்பா வரும், திருத்துவேன், அப்புறம் என்ன சொல்ல வந்தோம்னு அவளுக்கே மறந்து போயிடும். அதுக்கு ரெண்டு பேரும் சிரிப்போம். நான் சிரிப்பேன். அவளும் சிரிச்சிருக்கா, மொதல்ல.

இன்னும் வரலையா கரண்ட்? இருக்கட்டும்.

ஒத்திகையில பெரிய சண்டையே இந்த ஒரு வார்த்தைக்குத்தான். பொண்டாட்டியா நடிக்கற பொண்ணு பாண்டிச்சேரி, ஜெசிந்தான்னு பேரு. அது சொல்லிச்சு, அங்கிள், அவ "போறேன்"னு சொல்லட்டும்னு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. மங்களகரமா ஒரு வீட்ல நின்னுக்கிட்டு ஒரு சுமங்கலி போறேன்னு சொல்லுவாளா? சாவு வீட்ல கூட சொல்லிக்காம போவாங்களே தவிர போறேன்னு சொல்ல மாட்டாங்க. எந்தத் தமிழ்ப் பொம்பளையும் அதைச் சொல்ல மாட்டான்னேன். "அதனாலதான் அங்கிள் இவ சொல்லணும்"னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. இதை ஒகினோவுக்கு மொழிபெயர்க்கச் சொன்னாங்க. நான் மாட்டேன்னுட்டேன். தப்பை எப்படிம்மா மொழிபெயர்க்கறது.

அந்த நாட்கள்ல வீட்லயும் எனக்கு இதே நினைப்புதான். சாப்பிட உட்காந்தா அந்த வார்த்தை, படுத்தா அந்த வார்த்தை. செண்பகம் ரெண்டு மூணு தரம், உங்ககிட்ட ஒண்ணு பேசணும்னா. அப்புறம், அப்புறம்னேன். ஒரு பெரிய வேலை நடக்கும்போது வீட்ல இருக்கறவங்க கொஞ்சம் பொறுக்கணும்ல. அவளும் பொறுத்தா. நல்லாப் பொறுத்தா.

ஆடி பொறந்த பிறகு ஒரு காலையில நான் மேஜையில உட்காந்து அந்தக் காட்சியைத்தான் அடிச்சு அடிச்சு எழுதிக்கிட்டிருக்கேன். வாசல் பக்கம் அவ குரல் கேக்குது. "நான் போறேங்க."

பாருங்க விதியை. எந்தத் தமிழ்ப் பொம்பளையும் சொல்ல மாட்டான்னு ஊரெல்லாம் சண்டை போட்டுட்டு வந்து உட்காந்திருக்கேன், என் வீட்டுப் பொம்பளையே சொல்றா. எனக்கு எப்படி இருக்கும்? பேனாவை வெக்காமயே சொன்னேன், "போறேன்னு சொல்லாதே, வரேன்னு சொல்லு."

செருப்பை மாட்டற சத்தம் கேட்டுது. அப்புறம் "வரேன்"னா. கேட் சாத்தற சத்தம் கேட்டுது.

அவ்வளவுதாம்மா நடந்தது. நீங்க ஏன் அப்படிப் பார்க்கறீங்க? வாய் தவறி வந்தது, திருத்தினேன், சரியாச் சொன்னா. கடைக்குப் போறா, கோயிலுக்குப் போறான்னு நினைச்சேன். சாயங்காலம் பார்த்தா அலமாரியில அவ துணி வெக்கற தட்டு காலி. அவங்க அம்மா படம் செவுத்துல இல்ல. ஆடிக்கு அண்ணன் வீட்டுக்குப் போயிருக்கான்னு புரிஞ்சுக்கிட்டேன். புதுப் பொண்ணுங்களைத்தான் ஆடிக்கு அழைப்பாங்க, இவளுக்கு இத்தனை வருஷம் கழிச்சு ஆசை வந்திருக்கு, இருந்துட்டு வரட்டும்னு விட்டுட்டேன். அம்மா படம் எதுக்குன்னுதான் புரியல.

ஆனா அன்னைக்கே, அவ போன கையோட, நான் நேரா ஒத்திகைக்குப் போனேன். எனக்கு ஆதாரம் கிடைச்சிடுச்சே. எல்லாரையும் நிக்க வெச்சுச் சொன்னேன், கேளுங்க, இன்னைக்குக் காலையில என் வீட்லயே நடந்தது, என் சம்சாரம் போறேன்னா, நான் வரேன்னு சொல்லுன்னேன், உடனே வரேன்னா, தமிழ்ங்கறது இதுதான்னு. ஜப்பான் மொழியிலயும் சொன்னேன், ஒகினோவுக்காக. கூட்டம் அப்படியே நின்னுது. ஜெசிந்தா தரையைப் பார்த்துக்கிட்டிருந்தது. நான் ஜெயிச்சுட்டேன்னு நினைச்சேன்.

ஒகினோதான் மெதுவாக் கேட்டாங்க, அவங்க முகத்தைப் பார்த்தீங்களான்னு. குரல்தான் தெரியுமே, எதுக்குத் திரும்பணும்னேன். கையில என்ன வெச்சிருந்தாங்கன்னாங்க. பார்க்கலைன்னேன். எங்க போனாங்கன்னாங்க. அதைத்தானே செண்பகமும் கேட்டா, அந்தப் பொண்ணு எங்க போச்சுன்னு. எனக்கு அப்ப அது தோணல. அது முக்கியம் இல்லைன்னு ஒகினோகிட்டயும் சொன்னேன்.

அதுக்கப்புறம் அவங்க பண்ணின காரியத்தைக் கேளுங்க. என் வீட்ல நடந்ததை எடுத்து அப்படியே நாடகத்துல வெச்சுட்டாங்க. மேடையில அவன் குனிஞ்சு கடிகாரத்தை நோண்டிக்கிட்டிருக்கான். அவ வாசல்ல நின்னு, "நான் போறேங்க"ங்கறா. அவன் தலையைத் தூக்காம, "போறேன்னு சொல்லாதே, வரேன்னு சொல்லு"ங்கறான். அவ "வரேன்"னு சொல்லிட்டுப் போயிடறா. நான் ராத்திரி பகலா எழுதின வசனமெல்லாம் ஒரு பக்கம் கிடக்கு. நான் எழுதாத ஒரு வரி, வீட்ல சும்மா சொன்னது, அது நாடகமா ஆயிடுச்சு. கேட்டா, "இதைவிட நல்ல தமிழாக்கம் கிடையாது, பஞ்சநதம் சான்"னு ஒகினோ தலை குனிஞ்சு வணங்கினாங்க. சான்னா அவங்க ஊர்ல மரியாதைக்குச் சேர்க்கறது. 

மொதல் நாள் ஆட்டத்துக்கு செண்பகத்துக்கு சொல்லியனுப்பினேன். எனக்குப் பக்கத்து சீட்டுல என் பையை வெச்சு யாரையும் உட்கார விடல. வரேன்னு சொன்னவ, வருவான்னு. விளக்கு அணைஞ்சுது. பை மட்டும்தான் இருந்துது. அந்த இடம் வந்துது. "வரேன்னு சொல்லு"ன்னு அவன் சொன்னதும் அரங்கம் முழுக்க ஒரு மூச்சு இழுக்கற சத்தம். எனக்குப் பின்னாடி ஒரு அம்மா, "அடப் பாவி"ன்னாங்க. யாரைச் சொல்றாங்கன்னு எனக்குப் புரியல. திரும்பி, கொஞ்சம் சத்தம் போடாம பாருங்கம்மான்னு சொன்னேன். ஆட்டம் முடிஞ்சு கைதட்டல் நிக்கவே இல்ல. என்னை மேடைக்குக் கூப்பிட்டாங்க. நான் அந்தப் பையை எடுத்துக்கிட்டு வெளியில வந்துட்டேன்.

நீங்களே சொல்லுங்கம்மா. அந்தக் கடிகாரக்காரனும் நானும் ஒண்ணா? அவனுக்கு அவ சொன்னது காதுலயே விழல. எனக்கு விழுந்துது. விழுந்து, திருத்தவும் திருத்தினேன். கவனிச்சதனாலதானே திருத்தினேன்.

போன் பண்ணினா எடுக்கறா, எடுக்காம இல்ல. சாப்பிட்டீங்களான்னு கேக்கறா. மாத்திரை போட்டீங்களான்னு கேக்கறா. "எப்ப வருவே"ன்னு கேட்டா, "பார்க்கலாங்க"ங்கறா. பார்க்கலாம்ங்கறது என்ன வார்த்தை? ஆமாம்னா, இல்லைன்னா? என் பொண்ணு ஓசூர்ல இருக்கா, அவகிட்ட கேட்டேன். அப்பா, அதை அம்மாகிட்டயே கேளுங்க, கேட்டுட்டு பதில் வர வரைக்கும் பேசாம இருங்கன்னா. பெத்த பொண்ணு பேசற பேச்சா இது.

எனக்கு வீட்ல இருக்க முடியலம்மா. உள்ளதைச் சொல்றேன். சமைச்சுக்கறேன், துவைச்சுக்கறேன், அதெல்லாம் பெரிசில்ல. பேசறதுக்கு ஆள் இல்ல. டிவியில செய்தி வாசிக்கறவன் தப்பா ஏதாவது சொன்னா திருத்தறேன், அவனுக்குக் கேக்கவா போகுது. போன வாரம் வாயைத் திறந்து "வாளப்பளம்"னு நானே சொல்லிப் பார்த்தேன். வீடு அப்படியே இருந்துது. எனக்கு அழுகை வந்துடுச்சு. இந்த வயசுல, கூடத்துல தனியா நின்னுக்கிட்டு, வாளப்பளம்னு சொல்லி அழறேன்.

அதான் இந்தப் பக்கம். உங்ககிட்ட நகல் எடுக்கக் குடுத்தேனே, அது நான் புதுசா எழுதின கடைசிக் காட்சி. அவ திரும்பி வரா. பனியை உதறிட்டு படியேறி வரா, அவன் எழுந்து போய் செருப்பை வாங்கி வைக்கறான். வரேன்னு சொன்னவ வந்துட்டா, முடிஞ்சுது. குழு அடுத்த வாரம் ஜப்பானுக்குக் கிளம்புது, என்னையும் கூப்பிட்டிருக்காங்க. இந்தக் காட்சியைச் சேர்த்தாத்தான் வருவேன்னு சொல்லிட்டேன். அதுக்கு ஒகினோ என்ன சொன்னாங்க தெரியுமா? செண்பகம் சான் வந்துட்டாங்கன்னா சேர்க்கறேன்னாங்க. அதான் வந்திருக்கேன். அவ இன்னைக்கு என்னோட பஸ் ஏறினா போதும். நாடகமும் சரியாயிடும், எல்லாம் சரியாயிடும்.

அதோ. கேட் திறக்குது. அவதான். ஸ்கூட்டர் ஓட்டறாளா? எப்ப கத்துக்கிட்டா? என்கிட்ட சொல்லவே இல்லையே. நீங்க பார்த்திருக்கீங்களா, தினமும் இதுலதான் வேலைக்குப் போறாளா? வேலைக்கா? என்ன வேலை? இருங்கம்மா, அந்தத் தாளை அப்படியே வெச்சிருங்க. இதோ வரேன்.

கரண்ட் வந்துடுச்சா. வரட்டும். தண்ணி இருந்தா கொஞ்சம் குடுங்கம்மா.

பேசிட்டேன். பார்த்துக்கிட்டுத்தானே இருந்திருப்பீங்க. சத்தம் கேட்டிருக்காது, ரெண்டு பேருமே சத்தமாப் பேசல. என்னைப் பார்த்ததும் அவ பயப்படல, கோவப்படல. எப்ப வந்தீங்க, சாப்பிட்டீங்களான்னா. தனியா இருந்தா முகம் வாடும்பாங்க, அவளுக்கு நிறைஞ்சிருக்கு. நான் சொல்ல வெச்சிருந்ததெல்லாம் போயிடுச்சு. ஜப்பான், நாடகம், காட்சி, ஒண்ணும் வரல. "வரேன்னு சொன்னியே செண்பகம்"னேன். அது ஒண்ணுதான் வந்துது.

அவ ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினா. நிறுத்திட்டு, என்னை நேராப் பார்த்து, நிதானமாச் சொன்னா. "நான் போறேன்னுதாங்க சொன்னேன். வரேன்னு சொன்னது நீங்க."

வேற யாராவது இப்படிச் சொல்லியிருந்தா நான் பதில் சொல்லியிருப்பேன்.  ஆனா அந்த வாக்கியத்துல திருத்தறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா. எல்லாம் சரியா இருக்கு.  பொண்ணு சொன்ன மாதிரி, பதில் வர வரைக்கும் பேசாம நிக்கலாம்னு பார்த்தேன். அதான் பதில்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

அப்புறம் அவ வானத்தைப் பார்த்தா. "மள வரும் போல இருக்கு, கொட எடுத்துட்டு வந்தீங்களா"ன்னா. மள. கேட்டீங்களா. இத்தனை வருஷம் சொல்லிக் குடுத்தது, இங்க வந்து மூணே மாசத்துல பழையபடி ஆயிடுச்சு. எவ்வளவு சுலபமா வருது அவளுக்கு. காதுல விழுந்துது, நல்லாவே விழுந்துது. நான் திருத்தல. "இல்ல, எடுத்துட்டு வரல"ன்னேன். பின்னாடி பையிலேர்ந்து தன் கொடையை எடுத்துக் குடுத்தா. இந்தக் கொடைதான்.

உள்ள வாங்கன்னு சொல்லல. ஊருக்கு எப்ப கிளம்பறீங்கன்னு கேக்கல. வண்டியில ஏறி உட்காந்துக்கிட்டு, சாவியைத் திருகிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தா. வழக்கமா அவ என்ன சொல்லுவா? வரேன்பா, இல்லேன்னா போயிட்டு வாங்கம்பா. ரெண்டும் சொல்லல. "சரிங்க, அப்படின்னா..."ன்னா. அதோட நிறுத்திட்டா. மேல ஒண்ணும் சொல்லாம வண்டியை எடுத்துட்டா.

உங்களுக்கு அது ஒண்ணுமில்லாத வார்த்தை. அப்படின்னா என்னன்னு கேப்பீங்க. இந்தத் தெருவுல, ஏன், இந்த ஊர்லயே எனக்கு ஒருத்தனுக்குத்தாம்மா அது என்னன்னு தெரியும். தமிழ்ல அதுக்கு வார்த்தையே இல்லைன்னு அத்தனை பேர்கிட்ட சண்டை போட்டேன். ஒரு எழுத்து ஜப்பான் தெரியாதவ, ஸ்கூட்டர் மேல உட்காந்துக்கிட்டு, எவ்வளவு சரியாச் சொல்லிட்டுப் போறா பாருங்க. இதை நான் ஒகினோகிட்ட சொல்லணும். இல்ல, சொல்ல மாட்டேன். இதையும் எடுத்து மேடையில வெச்சுடுவாங்க.

நகல் வேண்டாம்மா. ஆமா, கரண்ட் வந்துடுச்சுதான், இருந்தாலும் வேண்டாம். அந்தத் தாளை நீங்களே வெச்சுக்குங்க, பின்பக்கம் வெள்ளையாத்தான் இருக்கு, ஏதாவது கிறுக்கிப் பார்க்க ஆகும். இந்தக் கொடையை அவ வந்தா குடுத்துடறீங்களா? மழை வந்தா வரட்டும், பஸ் ஸ்டாண்டு பக்கம்தானே. சொல்லிடுங்க, நனையாமத்தான் போனாருன்னு சொல்லுங்க. ரொம்ப நேரம் உங்க பொழப்பைக் கெடுத்துட்டேன். சரிம்மா. நான் போறேன்.

என்னம்மா? என்ன சொன்னீங்க? போறேன்னு சொல்லக் கூடாதா.

இல்லம்மா, நீங்க ஒண்ணும் தப்பாச் சொல்லிடல. உட்காருங்க, எழுந்திரிக்காதீங்க. சொல்றேன், நீங்க சொல்லச் சொன்னதுக்காகச் சொல்றேன்.

வரேம்மா.